ஈ (வினைச்சொல்)

ஈ என்பது கொடுத்தலைக் குறிக்கும் ஓரெழுத்து வினைப்பகுதி. இறந்தகாலத்தில் ஈந்தான் என்றும் எதிர்காலத்தில் ஈவான் என்றும் வரும் இது, எதிர்மறையில் ஈயான் என்றும் செயவெனெச்சத்தில், அதாவது மற்றொரு வினையைக் கொண்டு முடியும் குறைவினையில், ஈய என்றும் யகர உடம்படுமெய் பெறுகிறது. சங்கப் பாடல்களில் ஈத்த என்ற வல்லின வடிவமும் மிகுதி. கன்னடத்தின் பழைய 'இத்த' என்னும் வடிவம் இதற்கு இனமானது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், இரப்போர் வாய்ச் சொற்களைத் தரம் பிரித்து, தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் தனக்குக் கீழுள்ளவனிடம் கொடு என்றும் கேட்பான் என வகுக்கிறது. கொடு படர்க்கைக்கு உரியதாயினும், கேட்பவன் தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பால் அவனுக்கும் பொருந்தும் என்று அந்நூலே விளக்குவது நுட்பமானது. கேட்பவரின் நிலையை வினைப்பகுதியே காட்டிய இந்த அரிய ஒழுங்கு பின்னர் மறைந்தது.

இன்று இலங்கையின் கரவனெல்ல உள்ளிட்ட சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளின் பேச்சில் தா, குடு ஆகியவையே வழங்க, ஈ எழுத்துத்தமிழில் 'உயிர் ஈந்த' போன்ற தொடர்களிலும் ஈகைத் திருநாள் என்ற பெயரிலும் நிலைத்திருக்கிறது.