லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள்: வைன் முதல் புரோட்டான் வரை

விண்டோஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட கணினி விளையாட்டை லினக்ஸில் திறக்க வைப்பது ஒரு பணி. அதைத் தடங்கலின்றி ஓட வைப்பது வேறொரு பணி. முதலாவதற்கான முயற்சி 1993இல் தொடங்கியது. இரண்டாவது பெருமளவில் கைகூடக் கால் நூற்றாண்டு ஆனது.

வைன் திட்டம்

விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் இயக்குவதற்காக பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் ஆகியோர் வைன் திட்டத்தைத் தொடங்கினர். 1994 முதல் அலெக்சாந்திர் ஜூலியார் இதை வழிநடத்தி வருகிறார். வைன் விண்டோஸ் கணினி முழுவதையும் போலியாக உருவாக்குவதில்லை. நிரலின் கட்டளைகள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. விண்டோஸிடம் அது கேட்கும் சேவைகளை மட்டும் வைன் தானே நிறைவேற்றித் தருகிறது. மைக்ரோசாஃப்டின் மூலநிரல் வெளியிடப்படாததால், ஆவணங்களைப் படித்தும் நிரல்களின் நடத்தையைச் சோதித்தும் அச்சேவைகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 1.0 பதிப்பு 15 ஆண்டுகளுக்குப் பின், 2008 ஜூனில்தான் வெளிவந்தது.

தொடக்கத்தில், வைனைக் கொண்டு வணிக மென்பொருள் செய்த நிறுவனங்கள் தம் மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. 2002இல் எல்ஜிபிஎல் உரிமத்திற்கு மாறியபின், வைனின் நிரலில் செய்து வெளியிடும் திருத்தங்கள் பொதுவுடைமையாயின.

வரைகலைத் தடை

விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் டைரக்ட்3டி வழியாகவே படம் வரைகின்றன. வைன் அதை ஓப்பன்ஜிஎல் அழைப்புகளாக மாற்றியபோது வேகம் குறைந்தது. வன்பொருளை மேலும் நெருக்கமாகக் கையாளும் வல்கன் 2016இல் வெளியானது. டைரக்ட்3டி 11ஐ வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை பிலிப் ரெபோலே உருவாக்கினார். அதன் முதல் பதிப்பு 2018 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று, வைனையும் டிஎக்ஸ்விகேயையும் இணைத்து வால்வ் நிறுவனம் புரோட்டானை அறிவித்தது. முதலில் 27 விளையாட்டுகளே சோதித்து ஏற்கப்பட்டன.

திணறலுக்கான காரணங்கள்

வேகம் கூடியபின்னும் படம் இடையிடையே திணறியது. ஷேடர் எனப்படும் சிறு வரைகலை நிரல்கள் விளையாட்டின் நடுவே தொகுக்கப்பட்டது ஒரு காரணம். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, வரைகலை இயக்கி இடம் தந்தால், இவ்வேலையின் பெரும்பகுதியை விளையாட்டு ஏற்றப்படும்போதே முடிக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் முறை விண்டோஸிலும் லினக்ஸிலும் வேறுபட்டது மற்றொரு காரணம். இதற்காக லினக்ஸ் கருனியே மாற்றப்பட்டது: 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பிலும், 2025 மார்ச்சில் வந்த 6.14 பதிப்பிலும் உரிய வசதிகள் சேர்ந்தன.

2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி புரோட்டானை நம்பியே உருவானது. எனினும் பல இணைய விளையாட்டுகள் இன்றும் லினக்ஸில் ஓடுவதில்லை. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களில் சில 2021 முதல் புரோட்டானுக்கு இடம் தருகின்றன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த விளையாட்டை வெளியிடுவோரின் முடிவாகவே உள்ளது.