கிருபையைத் தேடிய கர்மவீரர்

ஆக்ஸ்போர்டில் ஜான் வெஸ்லி என்னும் குருவானவரும் அவருடைய சகாக்களும் கடும் நியமங்களை அனுஷ்டித்துவந்தனர். புதனும் வெள்ளியும் பிற்பகல் 3 மணி வரை உபவாசம் இருந்து, சிறைச்சாலைக் கைதிகளைத் தேடிச் சென்று ஆறுதல் கூறி, ஆண்டு வருமானம் 30 பவுனாக இருந்தபோது 28 பவுனில் ஜீவனம் செய்தவர், அது 120 பவுனாக உயர்ந்த பின்னும் அதே 28 பவுனிலேயே காலங்கழித்து எஞ்சிய 92 பவுனையும் தானம் செய்தார் என்றால், நற்கிரியைகளில் அவருக்கு நிகர் எவர் என்றுதான் நாம் கேட்போம். அவர் மனமோ நிம்மதி கொள்ளவில்லை.

1736 ஜனவரி 25. ஜார்ஜியாவை நோக்கி அவர் பயணம் செய்த 'சிம்மண்ட்ஸ்' கப்பலில் மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் ஆராதனையைத் தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருந்த வேளையில், பேரலை ஒன்று எழுந்து பெரும்பாயைச் சுக்குநூறாகக் கிழித்துக் கப்பலை மூடித் தட்டுகளுக்கிடையே வெள்ளமாகப் புகுந்தது. ஆங்கிலேயர் கூக்குரலிட்டனர், ஜெர்மானியரோ பாட்டை நிறுத்தவில்லை. உங்கள் பெண்டு பிள்ளைகளுமா அஞ்சவில்லை என்று பின்னர் வெஸ்லி விசாரித்தார். அவர்களுக்கும் மரணபயம் இல்லையென்று பதில் வந்தது. தமக்கு அந்தப் பயம் இருப்பதை அதே பிரயாணத்தில் உணர்ந்து நாணியவர் இந்தக் குருவானவர்!

ஜார்ஜியாவில் இரண்டாண்டுகூட நிலைக்காமல் கசப்போடு திரும்பியவருக்கு, லண்டனில் பீட்டர் போலர் என்னும் மொரேவிய இளைஞர் விசுவாசத்தின் மார்க்கத்தை எடுத்துரைத்தார். 1738 மே 24 இரவு ஆல்டர்ஸ்கேட் தெருவில், மனமின்றிச் சென்ற ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு, இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே தாம் நம்பியிருப்பதாக அவர் உள்ளத்தில் ஓர் உறுதி பிறந்தது.

சரித்திரம் எழுதுவோர் பலர் இவ்விடத்திலேயே மங்களம் பாடிவிடுகிறார்கள், அது நியாயமன்று. 1739 ஜனவரி 4 அன்று, தாம் இன்னும் கிறிஸ்தவரல்லர் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதனினும் விசித்திரமானது பின்னர் நேர்ந்த பிணக்கு. கிருபையே சகலமும் என்று போதித்த அதே மொரேவியருள் சிலர், பூரண விசுவாசம் வாய்க்கும்வரை ஜெபமும் வேத வாசிப்பும் திருவிருந்தும் வேண்டா, சும்மா இருப்பதே நெறி என்று வெஸ்லி சேர்ந்திருந்த பெட்டர் லேன் சங்கத்தில் உபதேசிக்கலாயினர். கிரியைகளைக் கொடுத்து இரட்சிப்பை வாங்க இயலாதென்று பட்டறிந்தவர், கிருபை வரும் வாய்க்காலை மனிதன் தன் கையாலேயே அடைத்துக்கொள்வதற்கு எப்படி இசைவார்?

1740 ஜூலை 20 அன்று தம் மறுப்பை எழுதி வாசித்துவிட்டு அச்சங்கத்தினின்றும் விலகினார். உடன் வந்த சிறு கூட்டம், முன்னொரு வெடிவிபத்தில் பாழாகி, அவர் செப்பனிட்டிருந்த பழைய பீரங்கி வார்ப்புச்சாலையில் கூடலாயிற்று.