சான்றுக்கு இரண்டு தராசு: காஸ்கெல் எழுதிய சார்லட் பிரான்ட்டே வரலாறு

வாழ்க்கை வரலாற்றாசிரியர் நடுநிலை தவறினாரா என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் நூலிலுள்ள புகழுரைகளையே தேடுகிறார்கள். புகழுரை வெளிப்படையானது, வாசகர் அதைத் தாமே கழித்துக்கொள்வார். சான்றுகளைக் கையாள்வதில் நேரும் சாய்வு அவ்வளவு எளிதில் பிடிபடாது. எலிசபெத் காஸ்கெல் 1857இல் வெளியிட்ட சார்லட் பிரான்ட்டேயின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

நாவலாசிரியர்களான இருவரும் 1850இல் அறிமுகமாகி நண்பர்களானவர்கள். 1855 மார்ச்சில் சார்லட் இறந்தபின், மகளின் வரலாற்றை எழுதித் தருமாறு தந்தை பேட்ரிக்கே காஸ்கெலைக் கேட்டுக்கொண்டார். 'ஜேன் அயர்' நாவலை எழுதியவர் பண்பற்றவர் என்று விமர்சகர் சிலர் தூற்றியிருந்தனர். தோழியின் மேல் விழுந்த அந்தப் பழியைத் துடைக்க விரும்பினார் காஸ்கெல்.

பிரஸ்ஸல்ஸில் சார்லட் படித்து, பின் கற்பித்த பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் கான்ஸ்டன்டின் ஹெகர், மணமானவர். 1844இல் ஊர் திரும்பிய சார்லட் அவருக்கு எழுதிய கடிதங்களில் ஏக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது. 1856இல் காஸ்கெல் பிரஸ்ஸல்ஸ் சென்று ஹெகரைச் சந்தித்தார். கடிதங்களில் இருப்பதை அறிந்துகொண்டார். நூலில் இடம்பெற்றவையோ தீங்கற்ற சில பகுதிகள் மட்டுமே.

தம்பி பிரான்வெல் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. ஆசிரியராக வேலை பார்த்த வீட்டிலிருந்து 1845இல் அவர் நீக்கப்பட்டார். அவரைக் கெடுத்தவர் அவ்வீட்டு எஜமானியே என்று பிரான்ட்டே குடும்பம் நம்பியது. எதிர்த்தரப்பை விசாரிக்காமலே காஸ்கெல் அதை அச்சேற்றினார். பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடிந்தது. அப்போது லேடி ஸ்காட் ஆகியிருந்த அந்தப் பெண்மணி வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரிக்க, 1857 மே மாதம் 'தி டைம்ஸ்' இதழில் காஸ்கெல் தரப்பு தன் கூற்றைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட நேர்ந்தது.

சார்லட்டின் கையெழுத்திலேயே இருந்த சான்று மறைந்தது; ஒருதலைப் பேச்சு வரலாறாக அச்சேறியது. தோழிக்குத் துணைபோகுமா என்பதே இரண்டிலும் உரைகல்.

ஹெகரும் சார்லட்டின் கணவர் நிக்கல்ஸும் அப்போது உயிரோடிருந்தார்களே, மறைத்தது பண்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காஸ்கெல் வாய்மூடி இருந்துவிடவில்லை. சார்லட்டின் அக்காலத் துயரத்துக்குத் தம்பியின் சீரழிவையே காரணமாகக் காட்டினார். மறைத்த இடத்தை நிரப்ப இன்னொரு காரணம் தேவைப்பட்டது. பிரான்வெல் கதைக்குக் கூடுதல் கனம் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நட்பை மட்டும் குற்றம் சொல்லவும் இயலாது. தந்தையின் நம்பிக்கை, பள்ளித்தோழி எலன் நஸ்ஸி கொடுத்துதவிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் எல்லாம் அந்நியருக்கு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்கமாட்டா.

அதே ஆண்டில் வந்த திருத்திய மூன்றாம் பதிப்பில் லேடி ஸ்காட் பற்றிய பகுதிகள் நீங்கின. பாதிக்கப்பட்டவர் வக்கீலோடு வந்ததால் அந்தப் பிழை சில மாதங்களில் திருந்தியது. பிரஸ்ஸல்ஸ் அத்தியாயத்துக்காக வாதாட யாரும் இல்லை. எஞ்சியிருந்த நான்கு கடிதங்களை 1913இல் ஹெகரின் பிள்ளைகள் வெளியுலகுக்கு அளிக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காஸ்கெல் சொன்ன காரணமே வாசகர்களிடம் செல்லுபடியானது.