உயிலும் பிள்ளைகளும்: விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஒரு சட்டத்தின் கதை

'உயில்' என்ற சொல் தமிழில் பிறந்ததல்ல. ஆங்கிலத்து 'வில்'தான் நம் வாயில் உயில் ஆனது. பத்திரம் எழுதுபவர்கள் 'மரண சாசனம்' என்றும் எழுதுவார்கள். சொல்லைப் போலவே அந்தப் பழக்கமும் பிறகு வந்து சேர்ந்ததுதான். பழைய இந்து தர்ம சாஸ்திரங்களில் உயில் என்ற ஒன்றே கிடையாது.

ஏன் கிடையாது? காரணம் பிள்ளைகள்! தமிழ்நாட்டில் வழங்கிய மிதாட்சர முறைப்படி, மகன் பிறக்கும்போதே பூர்வீகச் சொத்தில் பங்கோடு பிறக்கிறான். தகப்பன் குடும்பத்தின் தலைவன்தான், முழு உடைமையாளன் அல்ல. தனக்கு முழுதும் சொந்தமில்லாததை அவன் எப்படி இன்னொருவருக்கு எழுதி வைக்க முடியும்?

தென்னாற்காட்டில் அந்தக் காலம்

விழுப்புரமும் திண்டிவனமும் அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்.) கம்பெனி ஆட்சியில் 1829-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இந்துக்களின் உயில், இந்து சட்டத்துக்கு ஒத்துவந்தால் மட்டுமே செல்லும் என்றது அது.

பிறகு 1856-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும், 1863-ல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்துவுக்கு உயில் எழுதும் உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டன. ஆனால் ஒரு வரம்பு இருந்தது. உயிரோடு இருக்கும்போது எதைத் தானமாகக் கொடுக்க முடியுமோ, அதை மட்டுமே உயிலில் எழுதலாம். 1874-ல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. கூட்டுக் குடும்பத்தில் தன் பங்கைக்கூட ஒருவர் உயிலில் எழுத முடியாது. உயில் உயிர் பெறுவது சாவுக்குப் பிறகு. ஆனால் செத்த நொடியிலேயே அந்தப் பங்கு, உயிரோடு இருக்கும் ஆண் பங்காளிகளிடம் போய்விடுகிறது. உயில் வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது!

திண்டிவனத்தில் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பூர்வீக நிலம் ஐந்து ஏக்கர். ஒருவருக்கு இரண்டு மகன்கள். இன்னொருவருக்கு மகனும் இல்லை, பங்காளியும் இல்லை. இரண்டாமவர் விரும்பியவருக்கு எழுதலாம். முதலாமவர் எழுத முடியாது. தான் போன பிறகு மனைவி யாரிடமும் கையேந்தக் கூடாது என்று அவளுக்கு ஒரு காணி எழுத நினைத்தாலும் முடியாது. அவளுக்கு உள்ளது ஜீவனாம்சம் மட்டுமே. மகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் உயிரோடு இருக்கும்போதே, கல்யாணத்தில் மஞ்சள்காணியாகச் சிறிது நிலம் கொடுக்க வேண்டும். தானே சம்பாதித்த சொத்து இருந்தால் மட்டும் தகப்பனின் கை அவிழும்.

சென்னைக்கு ஒரு சட்டம், திண்டிவனத்துக்கு ஒரு சட்டம்

1870-ல் இந்து உயில் சட்டம் வந்தது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்றது. ஆனால் இந்த மாகாணத்தில் அது சென்னை நகரத்துக்கும், நகரத்துக்குள் உள்ள நிலம், வீடுகளுக்கும் மட்டுமே பொருந்தியது. சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருந்த திண்டிவனத்தில் ஒருவர் படுக்கையில் கிடந்தபடி வாயால் சொன்னதும் உயில்தான். சொன்னதைக் கேட்டவர்கள் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களே என்பதால், அதில் எத்தனை சண்டை வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1927 ஜனவரி 1 முதல்தான் எழுத்தும் இரண்டு சாட்சிகளும் எல்லா ஊர் இந்துக்களுக்கும் கட்டாயமானது.

இன்னொரு வேறுபாடு நெடுநாள் நீடித்தது. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய இந்து உயிலுக்கும், அங்குள்ள சொத்தைப் பற்றிய உயிலுக்கும் நீதிமன்றத்தில் 'புரொபேட்' வாங்க வேண்டியிருந்தது. விழுப்புரத்து உயிலுக்கு, சொத்தும் வெளியூரிலேயே இருந்தால், அது தேவைப்படவில்லை. இந்தக் கட்டாயம் 2025-ல் வந்த திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

நாற்பது கிலோமீட்டரில் பிரெஞ்சுச் சட்டம்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய தமிழர்கள் உண்டு. அந்தச் சட்டத்தில் பெற்றோர் தம் விருப்பப்படி உயிலில் கொடுக்கக்கூடியது இவ்வளவுதான்: ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் கால் பங்கு. மீதி பிள்ளைகளுக்கே. அதில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது! 1963-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது, இவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஆக, இரண்டு சட்டங்களும் பிள்ளைகளுக்காகப் பெற்றோரின் கையைப் பிடித்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் காப்பாற்றப்பட்டது மகன் மட்டும். அந்தப் பக்கம் மகளும் சேர்த்து.

1956-க்குப் பிறகு

1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் கதையை மாற்றியது. பூர்வீகச் சொத்தில் உள்ள தன் பங்கையும் ஒருவர் உயிலில் எழுதலாம் என்றானது. அந்தச் சட்டமே மனைவியையும் மகளையும் மகனோடு சேர்த்து முதல் வகுப்பு வாரிசாக்கியது. ஆனால் அந்த உரிமை உயில் இல்லாதபோதுதான். எனவே, பழைய நாளில் மனைவிக்கு எழுத முடியாமல் நின்ற தகப்பன் இப்போது எழுதலாம். அதே பேனாவால் மகளை அடியோடு விட்டுவிடவும் செய்யலாம்.

இதற்கு ஓரளவு தடுப்பாக வந்தது தமிழ்நாட்டின் 1989 திருத்தம். அன்று மணமாகாதிருந்த மகள்கள் பிறப்பால் பங்காளிகள் ஆனார்கள். 2005-ல் மத்திய அரசின் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. இதனால் பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கைத் தகப்பன் உயிலில் எழுதிக் கொடுக்க முடியாது. அது அவருடையதே அல்ல. ஆனால் அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டுக்கும் மனைக்கும் இந்தத் தடுப்பு கிடையாது.

மனைவி விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஆயுள் வரை அனுபவித்து, பிறகு மகனுக்கு' என்று எழுதினால், பொதுவாக அவளால் அந்த வீட்டை விற்கவோ மகளுக்குக் கொடுக்கவோ முடியாது. அவளுடைய ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்ததாக இருந்தால் மட்டும் அது முழு உரிமையாகும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே ஒரு வரியில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

இன்று உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். ஒரு காலத்தில் மகனின் பங்கைச் சட்டமே காவல் காத்தது. இன்று சுயார்ஜித சொத்தைப் பொறுத்தவரை மனைவிக்கும் மகளுக்கும் காவல், அந்தத் தாளை எழுதுபவரின் மனசாட்சிதான்.