எதிரி தந்த சாட்சியம்

போர்ச் செய்திகளில் எதை ஏற்பது, எதை நிறுத்திவைப்பது என்னும் கேள்வி ஹதீஸ் கலை பயின்றோர்க்குப் புதிதன்று. அறிவிப்பவர் யார், நேரில் கண்டவரா, அச்செய்தியால் அவருக்கு ஆதாயம் உண்டா என வினவுவது நம் மதரஸாக்களின் அன்றாடப் பாடம். விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பெற்ற வீர் சக்ரா விருதின் வரலாற்றை அந்த முறையில் அணுகிப் பார்ப்போம்.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் அரியலூர் வண்டிக்கு நின்றவர்களிடையே அந்நாள்களில் வேறு பேச்சில்லை. 26ஆம் நாள் இந்திய விமானங்கள் பாலாகோட்டைத் தாக்கின. மறுநாள் காலை பாகிஸ்தான் விமானங்கள் எல்லையை நெருங்கின. அவற்றை எதிர்க்க மேலெழுந்தவர்களுள் 51ஆம் படைப்பிரிவின் அபிநந்தனும் ஒருவர். திருவண்ணாமலை மாவட்டம் திருப்பணமூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பத்தவர். தந்தையார் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டியதோ 1963 முதல் நம் படையிலிருந்த மிக்-21 இனத்தின் திருத்திய வடிவம். தரையிலிருந்து விமானிகளை வழிநடத்திய மிண்டி அகர்வாலுக்கு யுத்த சேவா பதக்கம் கிடைத்தது. அதனைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவரைப் பற்றி நம் ஏடுகள் போதுமான அளவு எழுதவில்லை.

அபிநந்தன் எஃப்-16 விமானம் ஒன்றை வீழ்த்தினார் என்கிறது இந்திய அரசு. எங்கள் விமானம் எதுவும் விழவில்லை என்கிறது பாகிஸ்தான். தங்கள் எண்ணிக்கையில் குறைவில்லை என்று பெயர் கூறாத அமெரிக்க அதிகாரிகள் சொன்னதாக ஓர் அமெரிக்க ஏடு எழுதியது. ராவி இன்னாரெனத் தெரியாத அறிவிப்புக்கு நம் கலையில் என்ன தரம் என்பதை வாசகர் அறிவர். இந்திய விமானப்படை ஏப்ரலில் ரேடார் படங்களை வெளியிட்டது. இரு பிடித்தாரும் வழக்கின் தரப்பினரே. இரண்டு விமானிகளைப் பிடித்ததாக முதலில் அறிவித்த பாகிஸ்தான், அன்றே ஒருவர்தாம் என மாற்றிக்கொண்டதும் கருதத் தக்கது.

ஒருவர் தமக்கே பாதகமாகச் சொல்வதை ஃபிக்ஹு நூல்கள் இக்ரார் என்னும். அதன் வலிமை தனி. அதே காலையில் பட்காமில் நம் ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தி, படையினர் அறுவரும் பொதுமகன் ஒருவரும் மாண்டதை அவ்வாண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொண்டார். அதன்பின் அதில் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

அபிநந்தனின் தீரத்துக்கும் இத்தகைய சான்று உண்டு. அதைத் தந்தது எதிர்த்தரப்பு. பாராசூட்டில் ஹோரான் கிராமத்தில் இறங்கியவர், இது இந்தியாவா எனக் கேட்டார். அல்லவென்று உணர்ந்ததும் வானை நோக்கிச் சுட்டவாறே ஓடிக் குட்டை ஒன்றில் குதித்து, கையிலிருந்த தாள்கள் சிலவற்றை விழுங்கவும் சிலவற்றை நனைத்து அழிக்கவும் முயன்றார். இவ்வளவையும் எழுதியது பாகிஸ்தானின் டான் நாளிதழ். முகத்தில் இரத்தம் வழிந்த நிலையில் பெயரும் எண்ணும் மதமும் மட்டும் கூறி, மேற்கொண்டு கேட்டவற்றுக்குச் சொல்ல இயலாது என மறுத்த காட்சி, பிடித்தவர்களின் ஒளிப்படக் கருவியில்தான் பதிவாயிற்று. மார்ச் 1, வெள்ளிக்கிழமை இரவு வாகா எல்லை வழியாக அவர் திரும்பினார். அன்று ஜும்ஆவுக்குப் பின் நாமும் அவருக்காகக் கையேந்தினோம். விருது அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, 2021 நவம்பர் 22இல் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தால் வழங்கப்பட்டது.

எஃப்-16 பற்றிய வழக்கு தீரவில்லை. குடகைச் சேர்ந்த தேவய்யாவை இங்கு நினைக்கிறோம். 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா மீது நடந்த தாக்குதலிலிருந்து திரும்பாத அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நம்மவர் எவரும் கண்டிலர். பழைய மிஸ்டேர் விமானத்தைக் கொண்டே தம்மினும் விரைவான ஸ்டார்ஃபைட்டரை அவர் வீழ்த்தினார் என்பது, பாகிஸ்தான் தரப்பின் துணையோடு ஆங்கிலேயர் ஒருவர் பின்னாளில் எழுதிய நூலால் வெளிப்பட்டது. மகா வீர் சக்ரா அவர் பெயருக்கு 1988இல் வந்தது.