வைப்பாட்டி

மணவினை இன்றி ஒருவன் நிலையாகப் பேணும் பெண்ணைக் குறிக்கும் இச்சொல், வைக்கப்பட்ட பொருளைச் சுட்டும் 'வைப்பு' என்பதும், மூதாட்டி, பெண்டாட்டி என்பவற்றில் உள்ள பெண்பாற் சொல்லாகிய 'ஆட்டி'யும் சேர்ந்து அமைந்தது. தொல்காப்பியம் வழங்கும் 'காமக்கிழத்தி'யில், கிழமை என்னும் உரிமைப் பொருளிலிருந்து பிறந்த 'கிழத்தி' நிற்க, பிற்காலச் சொல்லிலோ அவ்வுரிமை மறைந்து, பெண் உடைமையின் நிலைக்கு இறங்கிவிட்டாள் என்பது வருத்தத்துக்குரியது.

வடமொழி அறநூல்கள் இவளை, காவலில் வைக்கப்பட்டவள் என்னும் பொருள்படும் 'அவருத்த ஸ்திரீ' என்றன. எனினும், ஒருவனோடு இறுதிவரை வாழ்ந்தவளுக்கு அவன் சொத்திலிருந்து சீவனாம்சம் பெறும் உரிமையை மிதாட்சர வழிவந்த பழைய இந்துச் சட்டம் ஏற்றது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் காதற்கிழத்தி முத்தம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் சத்திரமே எழுப்பினார். மனைவி என்னும் தகுதி இல்லாதவளுக்கும் அரண்மனையில் மதிப்பு இருந்ததற்கு அது சான்று.

1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் சீவனாம்சச் சட்டம், மணவுறவுக்கு வெளியே பிறந்த மைனர் மகனையும் மணமாகாத மகளையும் சார்ந்தோர் பட்டியலில் சேர்த்து, அவர்களின் தாயை விட்டுவிட்டதால், அப்பழைய உரிமையும் அற்றது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணத்தின் தன்மையுடைய உறவு' என்னும் தொடரால் சிலருக்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்து 'வைத்திருக்கும்' பெண் அதற்குள் அடங்கமாட்டாள் எனக் கூறியது. அங்கு ஆளப்பட்ட சொல்லை மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் நியாயமாகவே கண்டித்தார். 2023இல் அந்நீதிமன்றமே வெளியிட்ட கையேடு, இத்தகைய சொற்களைத் தீர்ப்புகளில் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது.