தரையும் அரைஞாணும்

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். குழந்தை தலை நிமிர்த்தி ஆடுகிறது, தாலாட்டுக் கேட்கிறது, கைகொட்டுகிறது, முத்தம் தருகிறது, நடந்து வருகிறது, நிலவோடு விளையாடுகிறது. அதற்குப் பிறகு ஆண்பிள்ளை சிற்றில் சிதைக்கப் போகும், பெண்பிள்ளை ஊசல் ஆடப் போகும். இந்தப் பத்தில் எதிலும் சிறுநீர் கழிக்கப் பழகும் பிள்ளை இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் பாதி நாள் அதில்தான் போகிறது. ஆனாலும் புலவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

பெரியாழ்வார் வந்திருக்கிறார். பிள்ளைத்தமிழ் என்ற வகைக்கே முன்னோடியாகச் சொல்லப்படும் அவர், கண்ணனின் தளர்நடையைப் பத்துப் பாசுரங்களுக்கு மேல் பாடுகிறார். காலில் கிண்கிணி ஒலிக்கிறது, இடுப்பில் மணி ஒலிக்கிறது. அவற்றில் ஒரு பாசுரத்தில், நடக்க நடக்கக் குழந்தையிடமிருந்து சிறுநீர் துளித்துளியாகச் சொட்டுகிறது. அந்தத் துளி கங்கையைவிடப் பெரிய தீர்த்தம் என்கிறார். பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் காட்சி கண் முன்னால் நிற்கிறது. நனைவதற்கு அந்தப் பாசுரத்தில் துணி பேசப்படவில்லை. துளி நேராகத் தரைக்குப் போகிறது. தரை அதை வாங்கிக்கொள்கிறது.

கழிப்பறை பழகும் வயதில் பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வியை நான் இந்தத் தரையிலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். என் மகளுக்கு இரண்டேகால் வயது. இந்தக் கேள்விக்குக் கடையில் பதில் கிடைக்கிறது, இணையத்தில் பதில் கிடைக்கிறது, அம்மாவிடம் வேறொரு பதில் கிடைக்கிறது. மூன்றும் ஒத்துப்போவதில்லை. ஏன் ஒத்துப்போவதில்லை என்று தேடப்போய்த்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

'அரை' என்றால் இடுப்பு. அரைஞாண், இடுப்பில் கட்டும் கயிறு. இன்றைக்கு அதைச் சடங்காகவும் கண்ணேறு கழிப்பதாகவும் மட்டும் பார்க்கிறோம். ஆனால் அதற்கு ஒரு வேலையும் இருந்தது. கோவணத்தை முன்னும் பின்னும் செருகிப் பிடித்துக்கொள்வது அந்தக் கயிறுதான். பொத்தான் இல்லை, ஊசி இல்லை. ஒரு கையால் உருவிவிடலாம். அவசரத்தில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிட வேகமான உடை பிறகு வந்ததாகத் தெரியவில்லை.

ஆண்பிள்ளை அந்தக் கயிற்றோடு மட்டும் நான்கைந்து வயது வரைக்கும் ஓடித் திரியலாம். பெண்பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. அதே கயிற்றில் அவளுக்கு அரைமூடி கோக்கப்பட்டது. அரசிலை வடிவத்தில் வெள்ளித் தகடு, வசதி உள்ள வீட்டில் பொன். மலாய்க்காரர்களிடமும் இதே பொருள் உண்டு, பெயர் 'சாப்பிங்'. வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் சிறுமிகளின் இடுப்பில் ஒரே மாதிரியான தகடு. அது எதையும் உறிஞ்சாது. ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. பிள்ளையின் இடுப்பில் இருப்பது பல நேரங்களில் பிள்ளைக்காக இருப்பதில்லை என்பதை நான் முதலில் புரிந்துகொண்டது இந்தத் தகட்டைப் பார்த்துத்தான்.

சீனர்களின் வழி வேறு. 'கைடாங்கூ' என்ற சிலுவாரில் கவட்டுப் பகுதி தைக்காமல் திறந்தே இருக்கும். பிள்ளை குந்தினால் துணி தானாக விலகும். பெரியவர்கள் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து மெல்ல விசில் அடிப்பார்கள். நம் பாட்டிகள் 'ஸ்ஸ்ஸ்' என்பார்கள். மொழி வேறு, தண்ணீர் ஓடும் சத்தம் ஒன்றுதான். குளிர்காலம் உள்ள நாட்டில் பிள்ளையை அம்மணமாக விட முடியாது. அதனால் துணியைப் போட்டுவிட்டுத் தேவையான இடத்தில் மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சிலுவார் கப்பலேறி நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வந்தது. பட்டணத்துக் கடை வரிசையில் தான் பார்த்ததாக அம்மா சொல்கிறார். "டவுசரு கிழிஞ்சி போச்சின்னு நெனைச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சது, அது தைக்கிறதே அப்படித்தான்னு."

அம்மா கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி இருட்டோடு பிரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் மரம் வெட்டும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், மரம் வெட்ட முடியாத வயதில் ஓர் ஆயா, அவர் பார்வையில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும். அங்கே பிள்ளைகளின் சீருடை என்று ஒன்று இருந்ததென்றால் அது மேல்சட்டை மட்டும்தான். கீழே ஒன்றும் இல்லை. பால் குடித்து முடித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்த வைப்பாராம் ஆயா. ஒருத்தி போனால் அடுத்தவளும் போவாள். பிறகு ஒரு வாளித் தண்ணீர். துணி துவைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பாட்டி திரும்பி வரும்போது பகல் பாதி போயிருக்கும். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சமையல், துவையல், விறகு எல்லாம். நனையாத துணியைத் துவைக்க வேண்டியதில்லை என்பது ஒரு கணக்கு.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரைக்கும், துணியே கிடைக்காமல் போனது. பெரியவர்களே சாக்கைச் சுற்றிக்கொண்ட நாட்களில் பிள்ளைக்கு யார் துணி தேடுவார்கள்? அதற்குப் பிறகும் வெகுகாலத்துக்குக் கோதுமை மாவு மூட்டைத் துணிதான் பல வீடுகளில் பிள்ளைகளின் காற்சட்டை. துவைக்கத் துவைக்க மென்மையாகும் என்று அம்மா இன்றைக்கும் அதைப் புகழ்கிறார்.

இதையெல்லாம் ஏக்கத்தோடு சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தரைக்கு ஒரு விலை இருந்தது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வருகிறது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிக்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து அடுத்த உடம்புக்குள் போகிறது. நிழலும் ஈரமும் வெறுங்காலும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் ரப்பர்த் தோட்டம். 1915 முதல் 1917 வரைக்கும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய வந்தது. தோட்டக் கூலிகளின் சோகையும் சோர்வும் அப்போது ஆய்வுப் பொருளாயின. துளியை வாங்கிக்கொள்ளும் தரை, திருப்பியும் கொடுக்கும். கழிப்பறையும் செருப்பும் வந்த பிறகுதான் அந்தக் கொடுக்கல் வாங்கல் குறைந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு மாதிரி போனது. தரையில் விரிப்பும் கட்டிலில் மெத்தையும் உள்ள வீடுகளில் பிள்ளைக்குத் துணி கட்டியே ஆக வேண்டும். அந்தத் துணியைத் துவைத்துத் துவைத்துக் கை தேய்ந்த அமெரிக்கத் தாய்களில் ஒருவர் மேரியன் டோனவன். 1946இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, துணிக்கு மேல் போடும் நீர்புகா உறை ஒன்றைத் தைத்தார். 1951இல் காப்புரிமை கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1961இல், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பேம்பர்ஸைச் சோதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று பத்து சென்ட். விலை அதிகம் என்று முதலில் யாரும் வாங்கவில்லை. விலையைக் குறைத்த பிறகு யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு, 1962இல், டி. பெரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1,170 பிள்ளைகளைப் பார்த்து அவர் சொன்னது: பிள்ளை தயாராகும்வரை காத்திருங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் பார்த்த பிள்ளைகள் பகலில் நனைக்காமல் இருக்கப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். இதை அன்றைய சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையில், சில மாதக் குழந்தையையே கடிகாரம் பார்த்துக் கழிக்க வைக்கச் சொல்லும் கடுமையான அறிவுரைகள் அமெரிக்காவில் இருந்தன. பிள்ளையை அடித்தும் மிரட்டியும் பழக்கினார்கள். பிரேசல்டன் அதை எதிர்த்தார். அந்த வகையில் அவர் பிள்ளையின் பக்கம் நின்றவர்தான்.

ஆனால் 'காத்திருங்கள்' என்ற சொல், விற்கப்படும் பொருளோடு வெகு நன்றாகப் பொருந்திவிட்டது. 1980களில் உறிஞ்சும் வேதிப்பொடி வந்தது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்ளும். பிள்ளையின் தோலில் ஈரமே தெரியாது. 1989இல் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் 'புல்-அப்ஸ்' என்ற பழகு உடையைக் கொண்டுவந்தது. ஜட்டியின் உருவம், பேம்பர்ஸின் வயிறு. 1990களின் இறுதியில் பெரிய பிள்ளைகளுக்கான பேம்பர்ஸ் விளம்பரத்தில் பிரேசல்டனே தோன்றினார். அது அப்போதே விவாதமானது.

அவருடைய கட்டுரைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ இனத் தாய்மார்கள் பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே பழக்கத் தொடங்குகிறார்கள், ஐந்தாறு மாதத்தில் அம்மாவின் துணையோடு பிள்ளை நனைக்காமல் இருக்கிறது என்று டிவ்ரீஸ் தம்பதியர் 1977இல் எழுதினார்கள். 'தயார்' என்பது பிள்ளையின் உடம்பில் மட்டும் இருப்பதில்லை, பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் கையிலும் இருக்கிறது. அந்தக் கை நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் அந்தக் கை எப்போது விலகியது? 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வளாகம் தொடங்கியது. தொழிற்சாலைகள் பெண்களை ஷிஃப்ட் வேலைக்கு எடுத்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகி, வீட்டுமனையாகின. லயத்தோடு ஆயாக் கொட்டகையும் போனது. தாமான் வீடுகளில் பளிங்குத் தரையும் சோபாவும் வந்தன. பிள்ளை பராமரிப்பு நிலையங்களுக்கு 1984இல் தனிச் சட்டம் வந்தது. பாட்டி எங்கோ ஊரில் இருக்க, பிள்ளை தஸ்காவில் வளர்ந்தது. இந்த மாற்றங்களுக்கு நடுவில் பேம்பர்ஸ் நம் வீட்டுக்குள் வந்து, எந்த நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் அதற்கு அதுவே பெயர் என்று ஆனது. மலாய்க்காரரும் அப்படித்தான் சொல்கிறார்.

என் மகளின் தஸ்காவில் ஒரு நாளைக்கு நான்கு பேம்பர்ஸ் கேட்கிறார்கள். ஜட்டி போட்டு அனுப்பலாமா என்று கேட்டேன். "தரை நனைஞ்சா மத்த பிள்ளைங்க வழுக்கி விழுந்துரும்" என்றார் ஆசிரியை. அவரைக் குறை சொல்ல முடியாது. குறைந்த சம்பளத்தில் அத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார். ஆயாவின் வேலைதான், கால்வாயும் வாளியும் மட்டும் இல்லை.

வீட்டில் நான் தேர்ந்தெடுத்தது, நடுவில் தடித்த பருத்தித் துணி வைத்த ஆறு ஜட்டிகள். மேலே தொளதொளவென்ற கவுன். இடுப்பில் எலாஸ்டிக் மட்டும். பொத்தான், நாடா, தோள்பட்டை வார் எதுவும் கிடையாது. தீபாவளிக்கு வாங்கிய பட்டுப்பாவாடை இந்த ஆண்டு அலமாரியிலேயே இருக்கும். எனக்கு இரண்டே அளவுகோல்: தானே கழற்ற முடிகிறதா, நனைந்தால் அவளுக்குத் தெரிகிறதா. இரண்டாவது அளவுகோல் அம்மா கொடுத்தது. "பிள்ள நனைஞ்சது பிள்ளைக்கே தெரியலன்னா அது எப்படிம்மா வாயத் தொறந்து சொல்லும்?" இதைச் சொல்ல அவருக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

சனி ஞாயிறுகளில் அவள் தொடையில் ஈரம் வழிகிறது. குனிந்து பார்த்துவிட்டு "ஈரம்" என்கிறாள். நான் துடைக்கிறேன். திங்கட்கிழமை அவள் மறுபடி பேம்பர்ஸுக்குள் போகிறாள், நான் வேலைக்குப் போகிறேன். வாரத்தில் இரண்டு நாள் அவள் இடுப்பில் இருப்பது அவளுக்கானது. மீதி ஐந்து நாள் அது பளிங்குத் தரைக்கானது, என் வேலை நேரத்துக்கானது. இதில் குற்றவுணர்வு கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டி பிள்ளைகளை மேல்சட்டையோடு விட்டுப் போனதற்கும் பிரட்டு மணிதான் காரணம். ஆனால் யாருக்காக எதை உடுத்துகிறோம் என்று தெரிந்துகொண்டு உடுத்தலாம்.

தோட்டத்து வாழ்க்கையை நம் நாவல்கள் நிறைய எழுதியிருக்கின்றன. மரமும் பாலும் கள்ளும் தண்டலும் அவற்றில் உண்டு. கொட்டகையில் பிள்ளைகளைக் குந்தவைத்த ஆயாவைப் பற்றி நாம் எழுதியது குறைவு. அந்தக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் இன்னும் நம் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சொல்லத் தொடங்குவார்கள். இப்போதே கேட்டுவிடுங்கள்.